மழையின் பேரில் எழுதப்படும் கணக்கு

"மழைக்கு யார்கிட்ட போய்க் காசு கேக்கறது?" கீழ்பென்னாத்தூர் பேருந்து நிறுத்தத்தில், செஞ்சி வழியாகச் சென்னை போகும் வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம் விமானம் ரத்தான கதையைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் சொல்லும் முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ்காரரும் இதையே சொல்கிறார். நிறுவனத்தின் சேவை எண்ணில் பேசுகிறவர், மனப்பாடம் செய்த குரலில் "வெதர் சார்" என்று முடித்துவிடுகிறார். கொஞ்சம் படித்தவர்கள், யார் கையிலும் இல்லாத காரணம் என்ற பொருளில், "ஃபோர்ஸ் மஜூர்" என்று ஒரு சொல்லையும் கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். வானிலையால் விமானம் ரத்தானால் பயணி எதையும் கேட்க முடியாது என்பது ஊர் ஒப்புக்கொண்ட கருத்தாகிவிட்டது. அந்தக் கருத்து தவறு. அதனால் நம் ஊர் ஏழைகள் ஆண்டுதோறும் பணம் இழக்கிறார்கள்.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். புயலில் விமானத்தை எடுக்காமல் இருப்பது விமானியின் கடமை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சென்னையில் இறங்க முயன்ற ஒரு விமானம் காற்றில் தள்ளாடி, ஓடுபாதைக்கு மிக அருகில் வந்தும் இறங்காமல் மேலேறிய காணொளியை நாடே பார்த்தது. அந்த விமானி செய்தது சரி. அன்று நண்பகல் வாக்கில் மூடப்பட்ட விமான நிலையம் மறுநாள் அதிகாலைதான் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். 2015 டிசம்பரில் ஓடுபாதையில் வெள்ளம் ஏறி நாள் கணக்கில் மூடிக் கிடந்தபோது, அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டி வந்தது. இதில் நிறுவனம் செய்த குற்றம் என்ன? செய்யாத குற்றத்துக்குத் தண்டம் கட்டச் சொல்வது நியாயமா? கட்டச் சொன்னால் புயலிலும் பறக்கத் துணிந்துவிட மாட்டார்களா? விதியும் அவர்கள் பக்கம் இருப்பதாகத்தான் தெரிகிறது. டிஜிசிஏ என்று நாம் சொல்லும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-இல் கொண்டுவந்து பின்னர் பலமுறை திருத்திய பயணிகள் வசதி விதிகள், இயற்கைப் பேரிடர், வெள்ளம், வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகியவற்றால் நேரும் ரத்துக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று எழுதி வைத்திருக்கின்றன.

புயல் வந்ததும் உண்மை, விதியில் அந்த வரி இருப்பதும் உண்மை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு "ஆகவே ஒன்றும் கேட்க முடியாது" என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

அதே நவம்பர் 30 அன்று என் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, குவைத்தில் வேலைக்குச் சேரக் கிளம்பினான். ரயில் எட்டாத ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன்பே கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, செஞ்சி, திண்டிவனம் தாண்டி, மழையோடு மழையாகக் கிளாம்பாக்கம் போய், அங்கிருந்து மீனம்பாக்கம் சேர்ந்தபோது நிலையம் மூடியாகிவிட்டது. கையில் ஒரு பெட்டி, ஒரு பை, பெரியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. நிறுவனத்தின் கவுண்டரில் கேட்டதற்கு "வெதர்" என்ற ஒரே பதில். பல்லாவரத்தில் லாட்ஜ் பிடித்தான், ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்தான், நான்காம் நாள்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. கடனாக வாங்கிப்போன மூவாயிரத்துச் சொச்சம் அந்த நான்கு நாளில் கரைந்தது. ஒரு ரசீதுகூட அவன் வாங்கி வைக்கவில்லை. கேட்க முடியும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் அன்று தெரியாது. அதன் பிறகுதான் விதிகளை எடுத்துப் படித்தேன்.

1. நான்கு தனித்தனிக் கடன்களை ஒரே சொல்லில் கட்டிவிட்டது முதல் பிழை. "காசு கிடைக்காது" என்கிறார்களே, எந்தக் காசு? விமானம் ரத்தானால் நிறுவனத்தின்மேல் நான்கு பொறுப்புகள் விழுகின்றன. வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது ஒன்று. அது வேண்டாம் என்றால் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது இன்னொன்று. இந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் பயணி. நிலையத்துக்கு வந்துவிட்டவர் மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் உணவும் சிற்றுண்டியும் தந்து பார்த்துக்கொள்வது மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்ததற்காகத் தரவேண்டிய தொகை நான்காவது. விதி "இழப்பீடு" என்று சொல்வது இந்த நான்காவதை மட்டுமே. உள்நாட்டுப் பயணத்தில் அது பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற வரம்புகளில் ஒன்று, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

வானிலை என்ற காரணம் தள்ளுபடி செய்வது இந்த நான்காவது கடனைத்தான். முதல் இரண்டையும் எந்தப் புயலும் தள்ளுபடி செய்வதில்லை. செய்யவும் கூடாது. வேட்டவலம் ரோட்டில் ஒரு லாரிக்காரரிடம் மணிலா (நிலக்கடலை) மூட்டை ஏற்ற வாடகையை முன்பணமாகக் கொடுக்கிறோம். ஆற்றில் வெள்ளம், லாரி போகவில்லை. லாரிக்காரர்மேல் நாம் கோபப்பட மாட்டோம். மூட்டை பிந்தியதற்கு நஷ்டம் கேட்கவும் மாட்டோம். ஆனால் வாடகைப் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று யாராவது சொல்வோமா? அவரும் வைத்துக்கொள்ள மாட்டார். போகாத பயணத்துக்கு வாங்கிய பணம் யாருடையது என்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. ஃபெஞ்சலை ஒட்டி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொடும் அளவுக்கு வெள்ளம் வந்து ரயில்களை நிறுத்தினார்கள். ரத்தான ரயிலுக்கு இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுப்பணமும் கேட்காமலேயே கணக்கில் திரும்பி வருகிறது. காரணம் வெள்ளமா, வேறொன்றா என்று ரயில்வே பார்ப்பதில்லை. அமெரிக்கா 2024-இல் விமானத்துக்கும் இப்படி விதி செய்தது: காரணம் எதுவாக இருந்தாலும், ரத்தான விமானத்தில் போகாதவருக்கு அவர் கேட்காமலேயே பணம் திரும்ப வேண்டும்.

திருப்பித் தரவேண்டிய பணத்தை "கிரெடிட் ஷெல்" என்ற பெயரில் நிறுவனத்திடமே விட்டு வைக்கச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விமானம் ஏறுகிற கூலித் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? டிஜிசிஏவின் பணம் திருப்பும் விதி, அப்படி விட்டு வைப்பதும் வைக்காததும் பயணியின் விருப்பம் என்று சொல்கிறது. "எனக்குப் பணமாகவே வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

2. வானிலை என்று வாயால் சொன்னால் போதும் என்று யார் சொன்னது? விதியின் சொற்களைப் பாருங்கள். ரத்துக்கு வானிலைதான் காரணம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது அது. தெளிவுபடுத்த வேண்டியவர் யார்? காரணம் சொல்கிறவர்தான். வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன் 19-ஆம் பிரிவு, தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று தொடங்குகிறது. சேதத்தைத் தவிர்க்க நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம், அல்லது எடுக்க வழியே இல்லை என்று நிறுவனம் மெய்ப்பித்தால்தான் அந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியும். என் தம்பியின் குவைத் பயணம் இந்த உடன்படிக்கைக்குள் வருவது. 2021-இல் ரயில் தாமத வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் பிந்தி வந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்ன அந்தத் தீர்ப்பு, தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்றது.

நிரூபிக்கச் சொல்வது வீண் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் கடைசியை நினைத்துப் பார்க்க வேண்டும். டெல்லியில் பனிமூட்டம். விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பயணிகள் பனியைத்தான் நொந்துகொண்டார்கள். டிஜிசிஏ விசாரித்தபோது வெளிவந்த செய்தி வேறு. அடர்ந்த பனியிலும் இறங்க உதவும் கேட்-3 கருவிமுறையில் பயிற்சி பெற்ற விமானிகளைப் பணிக்குப் போடாமல் விட்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. டெல்லியில் டிசம்பர் மாதம் பனி விழும் என்பது புதுச் செய்தியா? பனி இயற்கை, யாரை எந்த விமானத்துக்குப் போடுவது என்ற பணிப்பட்டியல் மனிதர் எழுதுவது.

2025 டிசம்பர் இன்னும் பெரிய பாடம். இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. தொடக்கத்தில் அது சொன்ன காரணங்களின் வரிசையில் தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை மாற்றம், நெரிசல், விமானிகளின் புதிய பணிநேர விதி ஆகியவற்றோடு பாதகமான வானிலையும் இருந்தது. அந்த வாரம் நாடு முழுவதும் ஆயிரம் விமானங்களை நிறுத்தும் அளவுக்குப் புயல் எதுவும் வீசவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்த பணிநேர விதிக்கு நிறுவனம் ஆயத்தமாகாததுதான் அடிப்படைக் காரணம் என்று விசாரணையில் தெரிந்து, 2026 ஜனவரியில் 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். காரணங்களின் பட்டியலில் வானிலை எவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடுத்தமுறை "வெதர்" என்று சொன்னால், எந்த ஊர் வானிலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அதே நேரத்தில் அதே ஓடுபாதையில் மற்ற விமானங்கள் இறங்கினவா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள்.

3. மழை நின்ற பிறகும் மழைதான் காரணமா? எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இது. ஃபெஞ்சலுக்காக மூடிய நிலையம் டிசம்பர் 1 அதிகாலையில் திறந்துவிட்டது. என் தம்பி ஏறியது நான்காம் நாள். நிலையம் மூடியிருந்த நேரத்தைப் புயலின் கணக்கில் எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஏறி இறங்க வேண்டிய விமானங்கள் இடம் மாறிக் கிடந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கும், அதையும் எழுதுங்கள். மீதி நாட்களை யார் கணக்கில் எழுதுவது? அந்த நாட்களில் விமானங்கள் பறந்தன. அவற்றில் இருக்கைகள் விற்றன. காத்துக் கிடந்தவரை முதலில் ஏற்றாமல் புதிதாகப் பணம் கட்டியவரை ஏற்றினார்களா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் நிறுவனத்தின் இருக்கைப் பட்டியலில் இருக்கிறது, வானிலை அறிக்கையில் அதைத் தேட முடியாது.

முன்கூட்டிச் சொல்வதும் இதே கணக்கில் சேரும். ஃபெஞ்சல் நவம்பர் 30 காலையில் திடீரென்று முளைத்ததா? முந்தைய நாளே வானிலை ஆய்வு மையம் அதைப் புயல் என்று அறிவித்துச் சிவப்பு எச்சரிக்கையும் கொடுத்திருந்தது. சென்னைக்காரருக்குக் காலையில் குறுஞ்செய்தி வந்தால் போதும், வீட்டிலேயே இருந்துவிடுவார். எங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மாலை விமானத்துக்கு விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். "இன்று பறப்பது சந்தேகம்" என்ற ஒரு செய்தி முந்தைய இரவு வந்திருந்தால் லாட்ஜ் செலவே கிடையாது. டிஜிசிஏ 2024 ஜனவரி 15-இல், அதாவது டெல்லிப் பனிக் குழப்பத்துக்குப் பிறகு, தாமதம் பற்றிய சரியான தகவலை உடனுக்குடன் பயணிக்குத் தரவேண்டும் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காற்றை நிறுத்த நிறுவனத்தால் முடியாது, குறுஞ்செய்தி அனுப்ப முடியும்.

4. பசியும் குளிரும் காரணம் கேட்பதில்லை. நான்கு கடன்களில் மூன்றாவதைப் பற்றித்தான் நம் நாட்டில் குழப்பம் அதிகம், எனவே அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நிறுவனங்களின் தரப்பில் விரும்பி எடுத்துக் காட்டப்படும் வழக்கு ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் புறப்பட வேண்டிய இண்டிகோ விமானம் பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமானது. பயணிக்கு ஹைதராபாத் நிரந்தர லோக் அதாலத் 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "பார்த்தீர்களா, பனிக்குப் பணமில்லை" என்கிறார்கள். தீர்ப்பை முழுதும் படித்தால் வேறொன்று புரியும். தாமதத்துக்கான இழப்பீட்டையும், காத்திருக்கும் நேரத்தில் செய்துதர வேண்டிய வசதிகளையும் நீதிபதிகள் தனித்தனியாகப் பிரித்தார்கள். பனியால் வந்த தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ஆனால் காத்திருப்பவருக்கு உணவும் நீரும் அடிப்படை வசதியும் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. கட்டணம் குறைவான நிறுவனம் என்பதால் இதிலிருந்து விலக்குக் கிடையாது. அந்த வழக்கில் அவை தரப்பட்டிருந்தன என்று நீதிமன்றம் கண்டதால்தான் பயணி தோற்றார். தராமல் விட்டிருந்தால்? பயணியைத் தோற்கடித்த தீர்ப்பே மற்ற பயணிகளுக்கு ஆயுதமாக இருக்கிறது.

2024 ஜனவரி 14 அன்று கோவாவிலிருந்து டெல்லி போன விமானம் பனியால் மும்பைக்குத் திருப்பப்பட்டு, பயணிகள் விமானம் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக விமானப் பாதுகாப்புப் பணியகம் இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பனி யார் கையிலும் இல்லைதான். பயணிகளை எங்கே உட்கார வைப்பது என்பது யாருடைய கையில் இருந்தது?

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் டிஜிசிஏ விதியில் தாமதம் பற்றிய பகுதியில் ஒரு விலக்கு இருக்கிறது. நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தும் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழலில் வந்த தாமதம் என்றால், உணவு, தங்குமிட வசதி செய்ய நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்கிறது அது. இந்த வரி இருக்கக் கூடாது. வசதி மிகவும் தேவைப்படும் வேளையில்தான் இந்த விலக்கு வந்து நிற்கிறது. வெயில் காலத்தில் குடை கொடுத்துவிட்டு மழையில் பிடுங்கிக்கொள்வது போன்றது இது. மேலே சொன்ன 2011 தீர்ப்பின் போக்குக்கும் இது ஒத்து வரவில்லை.

ஐரோப்பா இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்துச் சாம்பல் மேகம் ஐரோப்பிய வானத்தை மூடியது. போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து டப்ளினுக்கு ஏப்ரல் 17-இல் பறக்க வேண்டிய ஒரு பெண், 24-ஆம் தேதிதான் ஊர் திரும்பினார். உணவு, தங்குமிடம், போக்குவரத்துக்குத் தான் செலவழித்த ஏறக்குறைய 1,130 யூரோவை ரையன்ஏர் நிறுவனத்திடம் கேட்டார். இது அசாதாரணத்தையும் மீறிய அசாதாரணம், எங்களால் ஆகாது என்றது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31-இல் கொடுத்த தீர்ப்பு: அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லை. சாம்பலுக்காக இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் பயணியைப் பார்த்துக்கொள்ளும் கடமைக்கு நாள் வரம்போ தொகை வரம்போ கிடையாது. நிறுவனம் செய்யாததைப் பயணி தன் பணத்தில் செய்துகொண்டால், தேவையானதும் நியாயமானதுமான செலவைத் திரும்பப் பெறலாம். எரிமலைக்கே இந்த நீதி என்றால் நம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு எது தடை?

5. பாதுகாப்பைக் காட்டிப் பயமுறுத்துவது பொருந்தாது. பணம் கொடுக்கச் சொன்னால் புயலில் பறப்பார்கள் என்கிறார்கள். நிலையத்தை மூடுவது நிறுவனம் எடுக்கும் முடிவே அல்ல. மேலும் நான் கேட்பது தண்டத் தொகையை அல்ல, திருப்பித் தரவேண்டிய கட்டணத்தையும் ஒரு வேளைச் சோற்றையும். இட்லிக்கும் லாட்ஜுக்கும் கணக்குப் பார்த்துக் கோடிக்கணக்கான மதிப்புள்ள விமானத்தையும் நூற்றுக்கணக்கான உயிர்களையும் பணயம் வைக்கும் விமானி எங்காவது இருப்பாரென்றால், நாம் ரசீதை நீட்டாமல் இருப்பதால் அவர் திருந்திவிடப் போவதில்லை.

6. டிக்கெட் விலை ஏறிவிடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எரிமலைச் சாம்பலுக்கு மறுஆண்டு, 2011-இல், அதே ரையன்ஏர் இத்தகைய செலவுகளுக்கென்று ஒரு பயணிக்கு 2 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. இரண்டு யூரோ. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் அதற்காகக் கடையைக் கட்டவில்லை. அந்த இரண்டு யூரோவை எல்லோரும் பகிர்வது நல்லதா, மழையில் மாட்டிய ஒருவன் தலையில் மூவாயிரத்தையும் கட்டுவது நல்லதா? மாட்டிக்கொண்டவர்களுக்கு மாற்று டிக்கெட் விலை எப்படி ஏறும் என்பதை 2025 டிசம்பரில் பார்த்தோம். அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் வரை 12,000 என்று உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று.

7. "ஊரே தத்தளிக்கும்போது டிக்கெட் காசைப் பற்றிப் பேசுகிறாயே" என்பவர்களுக்கு. இந்தக் குரலை நான் மதிக்கிறேன். அந்த டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. அவர்களுடைய இழப்பு முன்னால் நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் துயரம் விமான நிறுவனத்தின் கடனை எப்படி அடைக்கும்? பயிர் மூழ்கியபோது நம் விவசாயி கைகட்டி நிற்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிவந்து வயலைக் காட்டினார். கணக்கெடுப்பு நடந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மழைக்கு அரசு பொறுப்பா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது கொடுமை. நெல்லுக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு டிக்கெட்டுக்குக் கேட்கத் தெரியாமல் போனது, அது பணக்காரர்களின் விவகாரம் என்று நினைத்ததால். இன்று கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்களில் என் தம்பியைப் போன்று கடன் வாங்கி வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பிள்ளைகளை எனக்கே நிறையத் தெரியும்.

8. "நம்மால் ஆகுமா" என்பதே, ஒன்றும் கேட்க முடியாது என்பவர்களின் கடைசிக் கோட்டை. சென்னைக்குப் போய் வக்கீல் வைத்து வழக்கு நடத்தினால் கிடைப்பதைவிடச் செலவு அதிகம் என்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. நமக்கு அது திருவண்ணாமலை மாவட்ட ஆணையம். டிக்கெட் குவைத்துக்கு எடுத்திருந்தாலும் நிறுவனத்தின் அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் அப்படித்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி வழியாகப் பதிவு செய்யலாம். அதற்கு முன்பாக நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு புகார், பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் ஒன்று, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒன்று. ஆணையம் வரை போகாமலே பணம் வந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

உண்மையில் நம் கையைக் கட்டுவது சட்டத்தைவிட டிக்கெட் போடும் முறைதான். ஊரில் டிராவல்ஸ்காரரிடம் டிக்கெட் எடுத்தால் கைபேசி எண் என்ற இடத்தில் பெரும்பாலும் அவருடைய எண்ணையே போட்டுவிடுகிறார். ரத்துச் செய்தி அவருக்குப் போகிறது, நாம் பஸ்ஸில் இருக்கிறோம். சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்றும் விதியில் இருக்கிறது. எனவே டிக்கெட் போடும்போதே உங்கள் எண்ணைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள், அச்செடுத்த தாளில் சரிபாருங்கள். பணம் திரும்பும்போது அது முகவரின் கணக்குக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவதும் நடக்கிறது. "இன்னும் கம்பெனி அனுப்பல" என்று மாதக் கணக்கில் இழுத்தடிப்பார்கள். முகவர் நிறுவனத்தின் பிரதிநிதி, அவர் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திரும்புவதை உறுதி செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று டிஜிசிஏவின் பணம் திருப்பும் விதி சொல்கிறது. முகவர் வாசலில் நிற்காதீர்கள், நிறுவனத்துக்கே எழுதுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: டிக்கெட், ரத்து என்று வந்த குறுஞ்செய்தி, அறிவிப்புப் பலகையின் ஒரு படம், சாப்பாட்டுக்கும் அறைக்கும் வண்டிக்கும் ரசீது. கவுண்டரில் உணவோ அறையோ கேட்டு மறுக்கப்பட்டால், கேட்ட நேரத்தையும் மறுத்த பதிலையும் அப்போதே நிறுவனத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். கேட்காமலே செலவு செய்துவிட்டுப் பிறகு வந்து கேட்பவருக்கு வழக்கு பலவீனம். ஐந்து நட்சத்திர ஓட்டல் ரசீதும் உதவாது. தேவைக்கு ஏற்ற செலவு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. ஃபெஞ்சல் நாளில், 2024 நவம்பர் 30 அன்று, சென்னையில் பயணம் ரத்தாகி இன்னும் பணம் திரும்பாதவர்கள் நம் வட்டாரத்தில் இருந்தால், அவர்களுக்கு அந்தக் காலம் 2026 நவம்பர் 30-இல் முடிகிறது. டிக்கெட் தாளைத் தேடி எடுங்கள்.